ஸ்காட்லாந்து முன்னோரைத் தேடுகிறீர்களா? முதல் பெயரைக் கடைசியில் பாருங்கள்

என் கணவர் கிளாஸ்கோக்காரர். மகளுக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரைந்துவரச் சொன்னார்கள். என் பக்கத்துக்கு ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு போன் போட்டதில், அரை மணி நேரத்தில் ஐந்து தலைமுறை வந்துவிட்டது. கணவர் பக்கம் கொள்ளுப்பாட்டியோடு நின்றுபோனது. மாமியாருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பெயர் எஃபி, ஊர் ஸ்கை தீவு, பிறந்தது 1862 வாக்கில், பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் மெக்லியோட்.

எஃபி என்றால் யூஃபீமியா என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானும் யூஃபீமியா மெக்லியோட் என்று தேடி, கிடைத்த பிறப்புப் பதிவுகளில் ஏழு படங்களைக் காசு கொடுத்து வாங்கினேன். ஏழும் வேறு யாரோ. எட்டு மாதம் கழித்து உண்மையான பதிவு கிடைத்தபோது அதில் ஹென்ரியெட்டா என்று எழுதியிருந்தது. பதிவு தவறில்லை, ஆளும் எங்கள் எஃபிதான். அது எப்படி என்று கீழே சொல்கிறேன். நான் செலவழித்த எட்டு மாதம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன், எனவே நான் செய்த வரிசையில் இல்லாமல் செய்திருக்க வேண்டிய வரிசையில் தருகிறேன்.

1. வீட்டில் இருக்கும் எல்லாப் பெயரையும் எழுதுங்கள், எதையும் திருத்தாதீர்கள்

குடும்ப பைபிளின் முதல் பக்கம், கல்லறைப் படம், பழைய கடிதம், புகைப்படத்தின் பின்பக்கம் என்று எங்கெங்கே பெயர் இருக்கிறதோ அதை அப்படியே, அதே எழுத்துகளில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். "ஜெஸ்ஸி என்று இருக்கிறது, சரியான பெயர் ஜேனட்டாகத்தான் இருக்கும்" என்று நீங்களாக மாற்றி எழுதிவிட்டால் பிறகு எது ஆவணத்தில் இருந்தது, எது உங்கள் ஊகம் என்று பிரிக்க முடியாது. பக்கத்திலேயே எங்கே பார்த்தது, எந்த ஆண்டு, யார் எழுதியது என்பதையும் குறியுங்கள்.

நமக்கு இது புதிதில்லை. ரேஷன் கார்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், வீட்டில் பாப்பா என்ற பெயர், மூன்றும் ஒரே ஆளுக்கு இருப்பதை நாமே பார்த்திருக்கிறோம். ஸ்காட்லாந்திலும் அதே கதைதான். கூடவே கேலிக் மொழி என்ற இன்னொரு அடுக்கும் சேர்ந்துகொள்கிறது.

கல்லறைக் கற்களை விட்டுவிடாதீர்கள். ஸ்காட்லாந்தில் மனைவியின் பெயரைப் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரோடு கல்லில் செதுக்குவது பரவலான வழக்கம். இந்த முழுத் தேடலிலும் உங்களுக்கு உதவப்போவது அந்தக் குடும்பப்பெயர்தான்.

2. கணக்கைத் தொடங்குங்கள், காசு எங்கே போகும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் தளம்தான் முக்கியமான இடம். கணக்குத் தொடங்க, பெயர் தேட, எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்க்கக் காசில்லை. மூலப் பதிவின் படத்தைத் திறந்தால்தான் காசு. கிரெடிட்டை முன்கூட்டியே வாங்க வேண்டும். நான் வாங்கியபோது 30 கிரெடிட் 7.50 பவுண்டு. பிறப்பு, திருமணம், இறப்பு, சென்சஸ் எதுவானாலும் ஒரு படத்துக்கு 6 கிரெடிட், அதாவது 1.50 பவுண்டு. உயில்களுக்கு 10 கிரெடிட். விலை மாறக்கூடியது, வாங்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை வாங்கிய படம் உங்கள் கணக்கிலேயே இருக்கும், திரும்பப் பார்க்கக் காசில்லை.

1.50 பவுண்டு சின்னத் தொகையாகத்தான் தெரியும். ராத்திரி பதினொரு மணிக்கு, "இவளாகத்தான் இருக்கும்" என்ற ஆசையில் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும்போதுதான் அது எப்படிக் கரைகிறது என்று புரியும். என் ஏழு தவறான எஃபிகளுக்கு மட்டும் 10.50 பவுண்டு போனது.

முத்திரையிட்ட சான்றிதழ் நகலுக்குத் தனிக் கட்டணம் உண்டு. குடும்ப வரலாற்றுக்கு அது தேவையே இல்லை, படம் போதும். சட்ட வேலைக்கு மட்டும் நகல் வாங்குங்கள்.

இலவசமாக வேண்டுமென்றால் ஃபேமிலிசர்ச் தளத்தில் ஒரு கணக்கு தொடங்கிக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்துப் பதிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு அங்கே படம் இருக்காது, தட்டெழுதிய விவரம்தான் இருக்கும். ஆனாலும் 5-ஆம் படியில் அது பெரிய உதவி. மாதச் சந்தா கட்டும் தளங்களில் சேருவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்காட்லாந்து சென்சஸுக்கு அவற்றில் பெரும்பாலும் தட்டெழுத்து வடிவம்தான் கிடைக்கும், மூலப் படம் கிடைக்காது. பெயர் மாறும் சிக்கலுக்கு மூலப் படத்தைப் பார்க்காமல் தீர்வு இல்லை.

3. இறப்பிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

என் முதல் தவறு பிறப்பிலிருந்து தொடங்கியதுதான். பிறந்த குழந்தையைப் பற்றி நமக்குத் தெரிந்தது ஒரு செல்லப்பெயரும் தோராயமான ஆண்டும் மட்டும். இறந்த பெரியவரைப் பற்றித்தான் வீட்டில் அதிகம் தெரியும்: எந்த ஊர், கணவர் யார், ஏறத்தாழ எந்த ஆண்டு.

ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி 1 முதல் அரசுப் பதிவு கட்டாயம். அந்த இறப்புப் பதிவில் இறந்தவரின் அப்பா பெயர், அம்மா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் என்று மூன்றும் இருக்கும். திருமணப் பதிவிலும் மணமகன், மணமகள் இருவருடைய பெற்றோர் பெயரும் அதே போல இருக்கும். 1861 முதல் பிறப்புப் பதிவில் பெற்றோருக்குத் திருமணமான தேதியும் இடமும்கூட இருக்கும். பெயர் எத்தனை முறை மாறினாலும் பெற்றோரின் கல்யாணத் தேதி பெரும்பாலும் மாறாது, 1861-க்குப் பின் பிறந்த பிள்ளைகளின் பதிவுகளில் பெரும்பாலும் அதே தேதிதான் வரும். நான் இதைப் பார்த்துத்தான் எஃபியைப் பிடித்தேன்.

1855-ஆம் ஆண்டுப் பதிவு மட்டும் தனி ரகம். அந்த ஒரு வருடம் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், மற்ற பிள்ளைகள் என்று ஏகப்பட்ட விவரம் கேட்டார்கள். வேலை தாங்கவில்லை போல, அடுத்த ஆண்டே குறைத்துவிட்டார்கள். 1856 முதல் 1860 வரை பிறப்புப் பதிவில் கல்யாணத் தேதி இருக்காது, இறப்புப் பதிவில் கணவன் அல்லது மனைவி பெயர் இருக்காது. உங்கள் ஆள் அந்த ஐந்து வருடத்தில் மாட்டினால் அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கை பதிவுகளுக்குப் போங்கள். அந்தக் குடும்பத்தில் 1855-ல் யாராவது பிறந்தார்களா, இறந்தார்களா என்றும் தேடிப் பாருங்கள். அப்படி ஒன்று கிடைத்தால் முதலில் அதைத்தான் வாங்க வேண்டும்.

திருமணமான பெண்ணின் இறப்பு, பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரிலும் புகுந்த வீட்டுக் குடும்பப்பெயரிலும் அட்டவணையில் இருக்கும். ஒன்றில் வரவில்லை என்றால் மற்றதில் தேடுங்கள்.

ஒரு கட்டுப்பாடும் உண்டு. பிறப்பு என்றால் 100 ஆண்டு, திருமணம் 75, இறப்பு 50 ஆண்டு கடந்தால்தான் இணையத்தில் படம் பார்க்க முடியும். எங்கள் எஃபி இறந்தது 1931, அதனால் சிக்கலில்லை. தகவல் கொடுத்தது மகன். அப்பா டொனால்ட், விவசாயி. அம்மா கிறிஸ்டினா, பிறந்த வீட்டுப் பெயர் மெக்கினன். அந்த மெக்கினன்தான் எனக்கு முதல் பிடி.

தகவல் கொடுத்தவர் யார் என்று எப்போதும் பாருங்கள். மகன் சொன்னால் ஒரு நம்பிக்கை, மருமகன் சொன்னால் அதில் பாதி, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் வீட்டில் கூப்பிட்ட பெயர்தான் பதிவாகியிருக்கும்.

4. ஒரு பெயருக்குள் எத்தனை பெயர் என்று பட்டியல் போடுங்கள்

தேடப் போவதற்கு முன் உங்கள் ஆளின் பெயர் எப்படியெல்லாம் மாறியிருக்கலாம் என்று ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். நான் அடிக்கடி மோதியவை இவை.

ஜேனட், ஜெஸ்ஸி, ஜென்னி, ஜீன், ஜேன் எல்லாம் ஒன்றுக்கொன்று மாறி வரும். ஜேனட் என்று பிறந்தவள் ஜெஸ்ஸி என்று கல்யாணம் செய்துகொள்வது சர்வசாதாரணம். எலிசபெத்துக்கு எல்ஸ்பெத், பெட்ஸி, பெஸ்ஸி, லிஸ்ஸி. இசபெல்லாவுக்கு இஷ்பெல், பெல், டிப்பி. மார்கரெட்டுக்கு மேகி, பெகி, கிரெட்டா, சில வீடுகளில் டெய்சி. ஹெலன் என்பது எலன், நெல்லி ஆகும். ஆக்னஸ் சில சமயம் நான்சி, சில சமயம் சென்கா. ஆக்னஸைத் திருப்பி எழுதினால் சென்கா வரும் என்று இங்கே சொல்வார்கள். கிரிசல் என்ற பழைய பெயர் அடுத்த தலைமுறையில் கிரேஸ் ஆகிவிடும்.

ஆண்களில் பேட்ரிக்கும் பீட்டரும் ஒரே பெயர்போல மாறிமாறி வரும், அயர்லாந்துக்காரர் வேறு ஸ்காட்லாந்துக்காரர் வேறு என்று பிரித்துவிடாதீர்கள். அலெக்சாண்டருக்கு சாண்டி, அலிஸ்டர், எக். ஜானுக்கு ஜாக், இயன். ஜேம்ஸுக்கு ஹேமிஷ்.

கிறிஸ்டியன் என்று பார்த்ததும் ஆண் என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள். ஸ்காட்லாந்தில் அது பெண் பெயர், கிறிஸ்டினா, கிர்ஸ்டி இரண்டும் அதே ஆள்தான். எங்கள் எஃபியின் அம்மா ஒரு பதிவில் கிறிஸ்டினா, இன்னொன்றில் கிறிஸ்டியன்.

அப்பா, தாத்தா பெயரைப் பெண்ணுக்கு வைத்து, கடைசியில் ஒரு "இனா" சேர்ப்பார்கள்: டொனால்டினா, ஹியூஜினா, வில்லியமினா, ஜேம்சினா, முர்டினா. வீட்டில் கூப்பிடும்போது முன்பாதி போய்விடும், இனா மட்டும் மிஞ்சும். ஆகவே "இனா பாட்டி" என்று மட்டும் தெரிந்தால் இத்தனை பெயரையும் தேட வேண்டியிருக்கும்.

அடுத்து கேலிக். மேட்டுநிலப் பகுதி, மேற்குத் தீவுகள் பக்கத்து ஆளானால் இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். வீட்டில் பேசியது கேலிக், பதிவாளர் எழுதியது ஆங்கிலம். கேலிக் பெயருக்கு ஆங்கிலத்தில் நேர் பெயர் இல்லாதபோது ஒலியிலோ வழக்கத்திலோ பக்கத்தில் வருகிற ஏதோ ஒன்றைப் போட்டார்கள். அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே பெயரைப் போடவில்லை. ஓய்ரிக் என்பதுபோல ஒலிக்கும் ஒரு பெண் பெயர் உண்டு. அதை எஃபி என்பார்கள், யூஃபீமியா என்பார்கள், எரிகா என்பார்கள், ஆஃப்ரிக்கா என்றுகூட எழுதியிருக்கிறார்கள், ஹென்ரியெட்டா என்றும் எழுதுவார்கள். எங்கள் பாட்டிக்கு நடந்தது இதுதான். அவள் தன்னை எப்போதும் ஓய்ரிக் என்றுதான் நினைத்திருப்பாள். மற்றவை எல்லாம் எழுதினவர்கள் வைத்த பெயர்.

இதே போல டொனால்ட் தெற்கே கிளாஸ்கோ பக்கம் வந்ததும் டேனியல் ஆவார். கேலிக்கில் டோரமட் என்று அழைக்கப்பட்டவர் பதிவில் நார்மன். ஆங்கஸ் சில ஏடுகளில் ஈனியஸ். ரோரி என்பவர் ரோடரிக். கில்லெஸ்பிக் என்ற பெயர் ஆர்ச்சிபால்ட் ஆகும். மோர் என்ற பெண் மேரியன் ஆகலாம், சாரா ஆகலாம். பெஹக் என்பவள் ரெபேக்கா, சில இடங்களில் சோஃபியா. நார்மனுக்கும் டோரமட்டுக்கும் ஒலியில் என்ன தொடர்பு என்று யோசித்து நேரத்தை வீணாக்காதீர்கள், வழக்கத்தில் வந்த ஜோடிகள் இவை, மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

கத்தோலிக்கக் குடும்பமானால் ஞானஸ்நான ஏட்டில் லத்தீன் வடிவம் இருக்கலாம். ஜேக்கோபஸ் என்றால் ஜேம்ஸ், கரோலஸ் என்றால் சார்லஸ்.

5. தேடும்போது முதல் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள்

பயமாக இருக்கும், ஆனால் விடுங்கள். குடும்பப்பெயர், ஆணா பெண்ணா, பதிவு மாவட்டம், இரண்டு வருடம் முன்னே பின்னே, இவ்வளவு போதும். வரும் பட்டியலை உங்கள் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்கை தீவில் மெக்லியோட் என்றால் மாவட்டத்துக்கு மாவட்டம் ஏராளமானோர் வருவார்கள், அதனால் எந்த பாரிஷ் (திருச்சபை வட்டாரம்) என்பதை சென்சஸ் வழியாக முதலில் உறுதி செய்துகொண்டால் பட்டியல் சுருங்கும்.

குடும்பப்பெயரின் எழுத்துகூட மாறும். மேக் என்று முழுதாக எழுதியிருப்பார்கள், எம்.சி. என்று இரண்டே எழுத்திலும் எழுதியிருப்பார்கள். தளத்தில் நட்சத்திரக்குறி போட்டால் எத்தனை எழுத்தும் வரலாம், கேள்விக்குறி போட்டால் ஓர் எழுத்து. முதல் பெயரை முழுதாகக் காலியாக விட மனமில்லையென்றால் முதல் எழுத்தும் நட்சத்திரமும் போடலாம். ஆனால் எஃபி ஹென்ரியெட்டா ஆனதை அந்த வழி ஒருபோதும் பிடித்திருக்காது.

இங்கேதான் ஃபேமிலிசர்ச் கைகொடுக்கிறது. பிள்ளையின் பெயரைப் போடாமல் அப்பாவின் குடும்பப்பெயரையும் அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரையும் மட்டும் போட்டு, ஊரையும் ஆண்டையும் சுருக்கினால் அந்தத் தம்பதியின் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். எல்லா ஆண்டும் அதில் முழுமையாக இல்லை, இருந்தாலும் நான் மெக்லியோட், மெக்கினன் என்று இரண்டு பெயரை மட்டும் போட்டபோது ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். நாலாவது ஹென்ரியெட்டா, 1862. யூஃபீமியா யாரும் இல்லை.

உடனே படத்தை வாங்கிவிடவில்லை. அதற்குள் ஒரு பழக்கம் வந்திருந்தது. அப்பா பெயர், அம்மா பெயர், அம்மாவின் குடும்பப்பெயர், பாரிஷ், ஆண்டு என்று ஐந்தில் நாலு பொருந்தினால்தான் வாங்குவது. முதல் பெயரை அந்த ஐந்தில் சேர்ப்பதே இல்லை. இந்த வழக்கம் வந்த பிறகு நான் தவறாக வாங்கியது இரண்டே படம்.

6. படத்தைத் திறந்ததும் பெயரைத் தவிர மற்றதைப் படியுங்கள்

அந்தப் பதிவு இப்போதும் என் கணினியில் இருக்கிறது. டுயிரினிஷ் மாவட்டம். முதல் கட்டத்தில் அழகான சாய்வெழுத்தில் ஹென்ரியெட்டா. அப்பா டொனால்ட், அம்மா கிறிஸ்டியன், அம்மாவின் குடும்பப்பெயர் மெக்கினன். அதன் கீழே பெற்றோருக்குத் திருமணம் ஆனது 1855 பிப்ரவரி என்று இருக்கிறது. அவளுடைய தம்பியின் பதிவை ஏற்கெனவே வாங்கியிருந்தேன், அதிலும் அதே தேதி. தகவல் கொடுத்தவர் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி, அதைச் சுற்றி டொனால்ட் மெக்லியோட், அவர் குறி, தந்தை என்று பதிவாளரின் கையெழுத்து.

அந்தப் பெருக்கல் குறியில்தான் விஷயம் இருக்கிறது. அப்பாவுக்கு எழுதத் தெரியாது. ஓய்ரிக் என்று வாயால் சொன்னார், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஹென்ரியெட்டா என்று எழுதினார், எழுதியது என்ன என்று இவரால் படித்துப் பார்க்க முடியவில்லை. எங்கே இந்தக் குறியைப் பார்த்தாலும் பெயர், எழுத்து, வயது மூன்றையும் எழுதினவரின் காதில் விழுந்ததாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிவின் இடது ஓரத்தையும் பாருங்கள். ஆர்.சி.இ. என்று மூன்று எழுத்து இருந்தால், பிறகு ஒரு திருத்தம் செய்து தனி ஏட்டில் எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். பெயர் மாற்றம், தந்தை யார் என்ற நீதிமன்ற முடிவு போன்றவை அதில் இருக்கும். அதைத் தேடிப் படிக்காமல் அடுத்த ஆளுக்குப் போகாதீர்கள்.

சுருக்கெழுத்துகள் பழகிவிடும். ஜே.ஏ.எஸ். என்றால் ஜேம்ஸ், டபிள்யூ.எம். என்றால் வில்லியம், ஜே.என்.ஓ. என்றால் ஜான். அம்மா பெயருக்குப் பக்கத்தில் எம்.எஸ். என்று இருந்தால் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் தொடர்கிறது என்று பொருள்.

7. சென்சஸை ஒரு வருடத்தோடு நிறுத்தாதீர்கள்

1841 முதல் 1921 வரை பத்து வருடத்துக்கு ஒன்று பார்க்கக் கிடைக்கிறது. ஒரே குடும்பத்தை மூன்று நாலு கணக்கெடுப்புகளில் பார்த்து, பெயர், வயது, பிறந்த பாரிஷ் என்று அருகருகே எழுதிக்கொண்டால் யார் எந்தப் பெயருக்கு மாறினார் என்பது தானாகத் தெரியும். எஃபி 1871-ல் எஃபி, 1881-ல் யூஃபீமியா. வயதும் வரிசையும் பொருந்தின: அண்ணனுக்கு அடுத்தவள், தம்பிக்கு மூத்தவள்.

1841-ல் உறவுமுறை எழுதவில்லை, 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். அந்த வருடத்தில் 20 என்று இருந்தால் 20 முதல் 24 வரை எதுவாகவும் இருக்கலாம். நாம் பார்க்கும் பக்கம் வீட்டுக்காரர் நிரப்பியதும் இல்லை, கணக்கெடுத்தவர் பிறகு ஏட்டில் பெயர்த்து எழுதியது. ஒருமுறை சொல்லி, ஒருமுறை எழுதி, மறுபடி ஒருமுறை பெயர்த்து எழுதிய பெயர்.

1891 சென்சஸில் மொழிக்கென்று ஒரு கட்டம் உண்டு. அதில் கேலிக் என்றோ, கேலிக்கும் ஆங்கிலமும் என்றோ குறிக்கும் எழுத்து இருந்தால், அந்த ஆள் கிளாஸ்கோவின் நடுவே வாழ்ந்தாலும் 4-ஆம் படியில் சொன்ன கேலிக் பட்டியலைக் கையில் எடுங்கள். நான் இந்தக் கட்டத்தை முதல் முறை பார்த்தபோது கவனிக்கவே இல்லை.

8. 1855-க்கு முன்னால்

அதற்கு முந்தையவை திருச்சபை ஏடுகள். மிகப் பழையது 1553, ஆனால் பெரும்பாலான பாரிஷ்களில் அவ்வளவு தூரம் போகாது, தீவுகளில் சில இடங்களில் 1800-ஐ ஒட்டித்தான் தொடங்கும். பிறப்பு, ஞானஸ்நானத் தேடலில் பெற்றோர் பெயரையே போட்டுத் தேடலாம், ஆகவே இங்கேயும் பிள்ளையின் பெயரைக் காலியாக விடுங்கள். இறப்பு, அடக்கம் பற்றிய ஏடுகள் மிகக் குறைவு.

பதிவு இல்லையென்றால் ஆள் இல்லை என்று நினைக்காதீர்கள். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி இருந்தது, ஏழைகள் பலர் பதியவே இல்லை. 1843-ல் திருச்சபை பிளந்து பலர் சுதந்திரச் சபைக்குப் போனார்கள், அவர்கள் பிள்ளைகளின் ஞானஸ்நானம் பழைய ஏட்டில் இருக்காது.

9. பேரனுக்குத் தாத்தா பெயர்: துப்பாக மட்டும் பயன்படுத்துங்கள்

பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது என்பதால் இந்தப் படி நமக்குச் சுலபம். ஸ்காட்லாந்தில் வழக்கமான வரிசை இது: மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர், மூன்றாமவனுக்கு அப்பா பெயர். பெண்களில் மூத்தவளுக்கு அம்மாவின் அம்மா பெயர், அடுத்தவளுக்கு அப்பாவின் அம்மா, மூன்றாமவளுக்கு அம்மா. பிள்ளைகளின் பெயரை வரிசையாக எழுதினால் முந்தைய தலைமுறையின் பெயர்கள் ஏறத்தாழ வந்துவிடும். எல்லோரும் இதைக் கடைப்பிடிக்கவில்லை, அதனால் ஆவணம் கிடைக்கும்வரை பென்சிலால் எழுதுங்கள்.

இதிலேயே இரண்டு பள்ளம் இருக்கிறது. முதலாவது, ஒரு தாத்தாவுக்கு ஐந்து மகன்கள் என்றால் ஐந்து வீட்டிலும் மூத்த பேரனுக்கு அதே பெயர், எல்லோரும் ஒரே பாரிஷ், பத்து வருடத்துக்குள் பிறந்தவர்கள். அம்மாவின் குடும்பப்பெயர் இல்லாமல் இவர்களைப் பிரிக்கவே முடியாது. இரண்டாவது, ஒரு குடும்பத்தில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் முதல் குழந்தை இறந்துவிட்டது என்று எல்லோரும் முடிவு செய்வார்கள், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் எஃபிக்கு டொனால்ட் என்று இரண்டு சகோதரர்கள், இருவரும் 1871-ல் உயிரோடு ஒரே வீட்டில். இரண்டு தாத்தாவுக்கும் டொனால்ட் என்று பெயர், இரண்டு பேரையும் மதிக்க வேண்டுமே. பெரிய டொனால்ட், சின்ன டொனால்ட் என்று கூப்பிட்டிருப்பார்கள். நான் மூத்தவனின் இறப்புப் பதிவைத் தேடி இரண்டு வாரம் வீணாக்கினேன்.

வடகிழக்குக் கடற்கரை மீனவ ஊர்கள், பக்கி போன்றவை, இன்னும் சிக்கல். ஊரில் பாதிப் பேருக்கு ஒரே குடும்பப்பெயர், ஆகவே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஏட்டில் பெயரோடு அடைப்புக்குறியிலோ மேற்கோள்குறியிலோ தெரியாத சொல் ஒன்று ஒட்டியிருந்தால் எழுதி வையுங்கள், அதுதான் அந்தக் கிளையை அடையாளம் காட்டும்.

10. அடைத்துக்கொண்டால் ஒரு நாள் நேரில் போங்கள்

எடின்பரோவில் பிரின்சஸ் தெருவின் தலைப்பில் இருக்கும் ஜெனரல் ரெஜிஸ்டர் ஹவுஸில் ஒரு தேடல் மையம் உண்டு. கிளாஸ்கோவில் மிச்செல் நூலகத்தில் ஒன்று, இன்வெர்னஸிலும் ஒன்று. நான் போனபோது நாள் முழுவதற்கும் 15 பவுண்டு, எத்தனை படம் வேண்டுமானாலும் திரையில் பார்க்கலாம், இணையத்தில் மூடியிருக்கும் சமீப காலப் பதிவுகளும் உட்பட. 15 பவுண்டுக்கு வீட்டில் பத்துப் படம்தான் கிடைக்கும். பெயர் மாறும் ஆளைத் தேடும்போது பத்துப் படம் ஒரு காலை நேரத்தில் முடிந்துவிடும், ஆகவே சந்தேகமான பெயர்களை எல்லாம் சேர்த்து வைத்து ஒரே நாளில் பார்த்துவிடுவதுதான் சிக்கனம். இடத்தை முன்பதிவு செய்யுங்கள். பார்க்க வேண்டிய பதிவின் ஆண்டு, மாவட்டம், எண் மூன்றையும் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள், அங்கே போய்த் தேடத் தொடங்கினால் மதியமே வந்துவிடும்.

உயில்களையும் பாருங்கள், 1513 முதல் 1925 வரை அதே தளத்தில் இருக்கின்றன. அதில் ஒரு சின்ன விஷயம் புதியவர்களைக் குழப்பும். திருமணமான பெண்ணை "யூஃபீமியா மெக்லியோட் அல்லது" என்று தொடங்கி, கணவரின் குடும்பப்பெயரைச் சேர்த்து எழுதுவார்கள். அந்த "அல்லது" எழுதினவரின் சந்தேகம் இல்லை, இரண்டு குடும்பப்பெயரும் ஒரே பெண்ணுடையவை என்பதற்கான ஸ்காட்லாந்துச் சட்ட வழக்கு. பிறந்த வீட்டுப் பெயர் இலவசமாகக் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காலக்கணக்கு கேட்பீர்கள். இந்த வரிசையில் போனால் 1855-க்குப் பிந்தைய ஒரு தலைமுறைக்கு எனக்கு இப்போது இரண்டு மூன்று மாலை ஆகிறது, நாலு படம், 6 பவுண்டு. அதற்கு முந்தைய தலைமுறைக்கு ஒரு மாதம்கூட ஆகலாம், கிடைக்காமலும் போகலாம்.

11. கிடைத்த பெயர்களை எப்படிப் பதிவது

குடும்ப மர மென்பொருளில் பெயருக்கு ஒரே கட்டம்தான் பெரிதாகத் தெரியும். அதில் பிறப்புப் பதிவில் இருக்கும் பெயரைப் போடுங்கள். மற்றப் பெயர்களை மாற்றுப் பெயர் என்ற கட்டத்தில், ஒவ்வொன்றுக்கும் ஆவணமும் ஆண்டும் சேர்த்துப் போடுங்கள். ஒரே ஆள் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்பதையும் இரண்டு வரியில் எழுதுங்கள், "பெற்றோர் திருமணத் தேதி தம்பியின் பதிவோடு பொருந்துகிறது" என்பது போல. இணையத்தில் மற்றவர்கள் போட்டிருக்கும் மரங்களில் இந்த வரி இருக்காது, ஒருவர் ஊகித்ததை இருபது பேர் நகலெடுத்திருப்பார்கள், எங்கள் எஃபிக்கே வேறு ஒரு கிராமத்து யூஃபீமியாவின் பெற்றோரைச் சேர்த்துவைத்த மரங்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து துப்பு எடுக்கலாம், நகலெடுக்க வேண்டாம்.

மகள் தன் அட்டையில் முதலில் ஹென்ரியெட்டா என்றுதான் எழுதினாள். மாமியார் பார்த்துவிட்டு, இது யார் என்று கேட்டார். அதன் கீழே எஃபி, யூஃபீமியா, கடைசியில் ஓய்ரிக் என்று மூன்றையும் எழுதி, பக்கத்தில் ஆண்டுகளையும் போட்டுக் கொடுத்தாள்.